உடையாத கண்ணாடி

கான்கிரீட் என்றால் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று தேவநேசன் மேஸ்திரிக்கு ஒரு நினைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை தான் கம்பி கட்டாத புதுக் கட்டடமே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

யுத்த காலம். இரும்பு லேசில் கிடைக்காது. ராஜபாளையத்து வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பஞ்சுக் கிட்டங்கி கட்டினார். அழுத்திக் கட்டிய பஞ்சு பேல்களை அடுக்கும் மாடியைத் தாங்க, இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் உத்திரம். நீளம் குறைவு, மேலிருந்து கீழாக அதன் கனமோ ஓர் ஆள் உயரம். அடிக்கம்பிகள் எல்லாம் தூணுக்குள் போய் வளைந்து நிற்க வேண்டும் என்று இன்ஜினியர் சமுத்திரம் சொல்லியிருந்தார். உத்திரம் நடுவில்தானே தொய்யும், ஓரத்துக்கு எதற்கு இவ்வளவு இரும்பு என்று மேஸ்திரி பாதிக் கம்பிகளைத் தூணுக்கு முன்னாலேயே நறுக்கிவிட்டார். சிக்கனமாம்!

மாடியில் பாதி பாரம் ஏற்றியதும் தூண் ஓரத்தில் சாய்வாக ஒரு வெடிப்பு தெரிந்தது. பூச்சு வெடிப்பு என்றார் மேஸ்திரி. சமுத்திரம் ஒப்பவில்லை.

"இந்த மாதிரிக் குட்டை உத்திரம் நடுவுல தொய்ஞ்சு எச்சரிக்கை குடுக்காது மேஸ்திரி. தூண் பக்கமாச் சாஞ்சு ஒரேயடியாப் பொளந்துரும்."

வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். வெடிப்பு வளர்ந்தால் கண்ணாடி உடையும். அடுத்த முறை வரும்போது அது முழுசாக இருந்தால் மிச்சப் பாரத்தையும் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனார். வேலையாட்கள் அந்தக் கண்ணாடிக்குச் சாட்சி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சாட்சி உடைந்தது. முதலில் பார்த்தவர் மேஸ்திரிதான். கம்பியை நறுக்கியது நினைவுக்கு வந்தது. சொன்னால் இத்தனை வருஷத்துப் பேர் போய்விடும். உடைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வேறொன்றை ஒட்டினார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி பாவம் என்று பாடம் எடுக்கிற மனிதர்! நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. உத்திரத்தின் கீழே ஏசம்மாளும் செல்லத்தாயும் இன்னும் பல பெண்களும் பஞ்சில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

சமுத்திரம் வந்து பார்த்தார். "சாட்சி முழுசா இருக்கு. ஏத்துங்க."

மாடியில் ஆட்கள் பேலை உருட்டத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து, வேறு கொட்டகையில் வேலை செய்த மேஸ்திரியின் மனைவி பரிபூரணத்தை யாரோ கூப்பிட, அவள் கூடையோடு வந்து உத்திரத்தின் கீழே உட்கார்ந்தாள்.

"ஏலே, நிறுத்துங்கலே! உருட்டாதிய!" மேஸ்திரி ஓடி வந்தார். "அது புதுக் கண்ணாடி ஐயா. பழசு ஒடஞ்சிட்டு. நாந்தான் மாத்துனேன். கம்பியையும் நாந்தான் நறுக்குனேன்."

மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் வெளியே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வேட்டு போட்டாற்போல ஒரு சத்தம். தூண் ஓரத்தில் உத்திரம் சாய்வாகப் பிளந்து, மாடி பேல்களோடு இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

வைகுண்டராஜ் அடிக்க வருவார் என்று மேஸ்திரி நின்றார். அவரோ கையைப் பிடித்துக்கொண்டார். "பேர் போனாப் போகுதுன்னு வாய் தொறந்தீரே. எம்புட்டு உசுரு தப்பிச்சிருக்கு!" ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குருவானவரும் அவர் பேரைச் சொல்லிப் புகழ்ந்தார். மேஸ்திரி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். சபையார் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பரிபூரணம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்புட்டுப் பேரும் புகழுதாவ. நான் வந்து உக்காராட்டி நீங்க சொல்லிருப்பியளா?"

முன்னால் போய்க்கொண்டிருந்த ஏசம்மாள், இடுப்பில் பிள்ளையோடு திரும்பி நின்றாள்.

"தோத்திரம் அண்ணாச்சி. ஒங்களாலதான் எம்புள்ளைக்கு ஆத்தான்னு நான் இருக்கேன்."

மேஸ்திரி, அன்றுபோலவே, அவள் பக்கம் பார்க்காமல் நடந்தார்.