பெருசு வேணாம் தம்பி

என் பிக்கப் வண்டிக்கு எஞ்சின் பவரை ஏற்றியபோது ராஜா மாதிரி இருந்தது. தொல்லை அப்புறம்தான் வந்தது. உப்பளப் பாதையில் மூட்டையோடு ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியில் டொக்கென்று இடிக்கும். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில், கூட்டல் குறி மாதிரி ஓர் இணைப்பு உண்டு. மெக்கானிக்குகள் அதைக் கிராஸ் என்பார்கள். கூடின பவரை அது தாங்கவில்லை.

கிளியனூர் பட்டறையில் வண்டியை விட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டு போன் செய்வதாகச் சொன்ன மெக்கானிக், மறுநாள் வண்டி ரெடி என்றார். பெரிய கிராஸ்தான் போட்டிருப்பார் என்று நம்பி எடுத்து வந்தேன்.

அந்த வாரம் மழை என்றார்கள். என் மனைவி குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் கோடை முழுக்க வாரிய உப்பு, வரப்பில் குவிந்து கிடந்தது. மழைக்குள் அதைக் கொட்டகையில் சேர்த்தாக வேண்டும். முதல் நடை நன்றாகப் போனது. அடுத்த நடையில் படாரென்று சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தால் ஷாஃப்ட் கழன்று தொங்குகிறது. புது கிராஸ் எப்படி உடையும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போனில் மெக்கானிக்கைப் பிடித்துக் கத்தினேன்.

"அக்காதாண்ணே பெருசு வேணாம்னாங்க" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன்.

"நீங்க குளிக்கப் போயிருந்தப்ப உங்க போனை நான்தான் எடுத்தேன். கிராஸ் உடைஞ்சிடுச்சுக்கா, பெருசா போட்டுடவான்னு கேட்டாரு. பெருசு வேணாம் தம்பி, பழைய சைஸே போதும்னேன்."

வண்டிக்குள் கண்ணாடியில் அவள் தொங்கவிட்டிருந்த சிலுவையைத்தான் சொல்கிறாள். அவள் வீட்டில் அதற்கும் கிராஸ் என்றுதான் பேச்சு.

"வண்டி வந்ததும் பாத்தேன், அதே பழைய கிராஸ் தொங்குச்சு. ஒட்டினதே தெரியல, நல்லா வேலை செய்றாருன்னு நெனச்சேன்" என்றாள்.

சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டியிலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு குவியலுக்கு ஓடினோம். பாதிக்குத்தான் எட்டியது. மீதி எங்கள் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் இறங்கியது.

மெக்கானிக் தன்னிடம் சொன்னதைச் செய்தார். இவள் காதில் விழுந்ததற்குப் பதில் சொன்னாள். யார்மேல் கோபப்படுவது? கடைசியில் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தார்ப்பாயின் முனையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"நீங்க சும்மா இருங்க. உப்பு என்னுது. திட்டணும்னா நான் திட்டிக்கிறேன்."

ஆனால் அவள் திட்டவில்லை.