பரம்புப் பலகை மேல் வந்த வெளிச்சம்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. என் கொழுந்தனாரின் பிள்ளைகள் மூன்று பேரும் என் கைச்சோறு தின்று வளர்ந்தவர்கள்தாம். ஏழில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கென்ன, களத்தில் நெல்லா காய்கிறது?

என் நாத்தனார் கல்யாணத்தை நினைத்தால் மேளமோ சாப்பாடோ எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. உட்கார்ந்த பலகையிலிருந்து உடம்பில் ஏறிய நடுக்கம்தான் வருகிறது. அது முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பல்லோடு பல்லைத் தட்ட வைக்கும். வாயில் போட்ட வெற்றிலை தானாகவே மென்றுகொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசினால் அது பத்துத் துண்டாக உடைந்து வெளியே வரும். அந்த நடுக்கத்துக்குக் காரணம் என் கொழுந்தனார். அவர் தஞ்சாவூரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம்.

சீர்காழிக்குத் தெற்கே, பண்ணை வயல்களின் விளிம்பில் எங்கள் தெரு. கூலிக்கும் குடியிருக்கும் மனைக்கும் சண்டை நடந்த காலம் அது. கோட்டையில் கரைவேட்டிக்காரர்கள் ஆட்சி; எங்கள் தெருவில் சிவப்புத் துண்டுக்காரர்களின் கூட்டம். எப்படியோ, காலம் காலமாகக் குடியிருந்த மனைக்குப் பட்டா எங்கள் கைக்கு வந்துவிட்டது. வெளிச்சம்தான் வரவில்லை. கரண்டுக் கம்பங்கள் மேலத் தெருவோடு நின்றுவிட்டன. எங்கள் பக்கம் வர வேண்டுமானால் பண்ணையின் வரப்பில் குழி தோண்ட வேண்டும். என் வரப்பில் கம்பம் ஊன்றக் கூடாது என்று பண்ணை ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. கம்பம் வேண்டும் என்று தெருவே சேர்ந்து மனு கொடுத்திருந்தோம். முதல் கைநாட்டு என் வீட்டுக்காரருடையது. அவர்தான் தெருவுக்கு நாட்டாமை. வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். அதனாலேயே அவர் சொன்னால் எல்லோரும் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை திருக்காட்டுப்பள்ளியில் ரைஸ் மில்லில் வேலை. நல்ல பையன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அவனுடைய அம்மா சிரிக்க மாட்டார். நல்ல கனத்த உடம்பு. வாசலில் நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும். பரிசம் போட வந்த அன்று எங்கள் தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பெட்ரோமாக்ஸ் விளக்கத் தலையில தூக்கிட்டு வர்ற கல்யாணமெல்லாம் எங்க வூட்டுல முடிஞ்சு போச்சு சம்பந்தி. கரண்டு வெளிச்சம் இருந்தா உங்க வாசல்லயே வச்சுக்குவோம். இல்லேன்னா எங்க ஊருல மண்டபம் பாத்துக்கறோம்.”

என் மாமியார் மூக்கு விடைத்தது. “பட்டா வாங்குன மனையில நடக்கப் போற மொதக் கல்யாணம் இது. எம் பொண்ணு கழுத்துல தாலி இங்கதான் ஏறும். வெளிச்சத்துக்கு நாங்க ஆச்சு” என்று சொல்லிவிட்டார். எப்படி என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டவுனில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவரைப் போய்க் கேட்டோம். பெரிய முகூர்த்தம், எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்று கையை விரித்தார்.

சேதி பண்ணைக்கு எட்டாமல் இருக்குமா? பண்ணையின் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

“என்னப்பா, தங்கச்சிக்குக் கல்யாணமாமே? மோட்டார் கொட்டாயிலேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்க. பண்ணையில சொல்லிட்டாங்க. அந்தக் கம்பத்து மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கறதா ஒரு கைநாட்டு வச்சிரு. கல்யாணமும் ஆச்சு, சண்டையும் தீந்துச்சு. மாப்பிள்ள அழைப்பு சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“ஒரே தங்கச்சி. மனு இன்னொரு தடவ குடுத்துக்கலாம்ல?” என்றார் என்னிடம்.

“இன்னொரு தடவ குடுத்தா, உங்க பின்னால எவன் வந்து கைநாட்டு வைப்பான்?” என்று கேட்டேன். அவருக்கும் அது தெரியும்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தனார் தஞ்சாவூரிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். “அண்ணே, அந்தக் கைய மடக்கி வையி. கரண்ட நான் இங்கயே காச்சித் தரேன்.”

“காச்சறதுக்கு அது என்ன சாராயமாடா?” என்றார் என் மாமியார்.

சொன்னபடியே சாமான் வந்து இறங்கியது. நாகூர்ப் பக்கத்தில் மீன்பிடிக்கிற ஒருவர் அவருக்குச் சிநேகிதர். அவர் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் இறைத்த சின்ன மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்று, பம்பு பக்கம் உப்புக்காற்றில் அரித்துப் போய்க் கிடந்தது. கொழுந்தனார் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜினை மட்டும் பஸ்ஸின் மேல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கூடவே பட்டறையில் ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய டைனமோ. “டைனமோ இல்ல அண்ணி, ஆல்டர்னேட்டர்” என்று அன்றைக்கே திருத்தினார். அந்த வார்த்தை என் வாயில் நுழையவில்லை. பேத்தி சொல்லி எழுதியதோடு சரி, இனி டைனமோ என்றே எழுதுகிறேன். லாரி ஓடும்போது விளக்குக்கும் பாட்டரிக்கும் கரண்டு கொடுப்பது அதுதான். லாரிக்குப் பதிலாக நம் இன்ஜின் அதைச் சுற்றினால் போதும் என்பது அவர் கணக்கு. இன்ஜின் பக்கம் பெரிய சக்கரம், டைனமோ பக்கம் சின்னச் சக்கரம், இரண்டுக்கும் ஒரு பெல்ட். பெரியது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னது கிறுகிறுவென்று பல சுற்றுச் சுற்றிவிடும்.

லாரியின் முகப்பு விளக்குப் பல்புகளை எவர்சில்வர் தாம்பாளங்களின் நடுவில் வைத்துக் கட்டினார். தாம்பாளம் எல்லாம் சீர்வரிசைக்கு வாங்கியது. வெளிச்சம் பட்டு எதிரொளிக்கும் என்றார். எல்லாம் சரி. முதல் நாள் கயிற்றைச் சுற்றி இழுத்தார், இன்ஜின் படபடவென்று ஓடியது, டைனமோவும் சுற்றியது, விளக்கு மட்டும் எரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டார். டைனமோ கரண்டு கொடுக்க வேண்டுமானால் ஆரம்பத்தில் அதற்குக் கொஞ்சம் கரண்டு கொடுக்க வேண்டுமாம். லாரியில் பாட்டரி அதைக் கொடுத்துவிடும். நம்மிடம் பாட்டரி ஏது? ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் வைத்திருந்த டார்ச் லைட்டுகளிலிருந்து பாட்டரிக் கட்டைகளை எல்லாம் வீடு வீடாக வாங்கினேன். பிளந்த மூங்கிலுக்குள் அவற்றை வரிசையாக அடுக்கி ஒயரைத் தொட வைத்தார். குப்பென்று வெளிச்சம். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்தோஷம் வெற்றிலை போடுகிற நேரம்கூட நிற்கவில்லை. சாணி மெழுகிய களத்தில் வைத்திருந்த இன்ஜின் தன் நடுக்கத்தில் தானே நகர்ந்து, குதித்துக் குதித்து வைக்கோல் போரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பெல்ட் கழன்று ஒரு கோழியின் மேல் விழுந்தது. கொழுந்தனார் இன்ஜினைத் துரத்திப் போய் நிறுத்தினார். நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

நாங்கள் வயலில் கால் வைத்தே வளர்ந்தவர்கள். எது நிற்காமல் ஆடினாலும் அதைச் சேற்றில் ஊன்றிவிட வேண்டும் என்றுதான் எங்கள் புத்தி போகும். நாற்றை அப்படித்தானே நிறுத்துகிறோம்? கம்பு, கழி, பந்தல்கால் எல்லாம் அப்படித்தானே? தெரு ஆண்கள் கூடி, மண்ணைக் குழைத்து மிதித்து, நடவுக்குத் தயார் பண்ணுகிற பதத்தில் ஒரு பாத்தி கட்டினார்கள். இன்ஜினின் காலை அதில் பதித்தார்கள். கொழுந்தனாரும் ஊர்க்காரர்தானே, பட்டறையை மறந்து அவரும் சேர்ந்து மிதித்தார். கயிற்றை இழுத்ததும் இன்ஜின் நடுங்கியது. நடுங்க நடுங்கச் சேறு கூழாக இளகியது. குட்டையில் எருமை படுக்கிற மாதிரி அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, மூக்கு வரைக்கும் போய், ஒரு கொப்பளம் விட்டு நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்ஜினைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட வைப்பதற்குள் மாப்பிள்ளை அழைப்பு நாளே வந்துவிட்டது. பந்தல் போட்டாயிற்று. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரியக்காரர் வருவதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

எனக்குப் பரம்புப் பலகை நினைவுக்கு வந்தது. உழுத சேற்றைச் சமப்படுத்த மாட்டின் பின்னால் கட்டி இழுப்போமே, அந்த நீளப் பலகை. அது துள்ளாமல் அழுந்திப் போவதற்கு அதன் மேல் ஆள் ஏறி நிற்கும். சின்ன வயதில் நானே எத்தனை வயலில் நின்றிருக்கிறேன்! “தம்பி, ரெண்டையும் தனித்தனியா வச்சா ஒண்ணு ஒரு பக்கம் ஓடுது, இன்னொண்ணு ஒரு பக்கம் ஓடுது. ஒரே பரம்புல ரெண்டையும் முடுக்கிடுங்க. மேல நாங்க உக்காந்துக்கறோம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “அண்ணி, பட்டறைக்கு வர்றீங்களா, மொதலாளிகிட்ட சொல்றேன்” என்றார். பலகையின் நடுவில் ஓட்டை போட்டு இன்ஜினையும் டைனமோவையும் நேருக்கு நேராக வைத்து போல்ட் போட்டு முடுக்கினார். ஒரு முனையில் நான், மறு முனையில் மாமியார். கயிற்றை இழுத்தார். பலகை துள்ளப் பார்த்தது, எங்கள் கனத்தில் அடங்கிப் போனது. பெல்ட் பிசகாமல் ஓடியது. பொழுது சாய்கிற நேரம், தாம்பாளங்கள் எல்லாம் எரிந்தன. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் கூரை மூங்கில்கூடத் தெரிந்தது. “எ..ரி..யு..துடி..யோ..வ்” என்று மாமியார் பத்துத் துண்டாகச் சொன்னார்.

சைக்கிளோடு காரியக்காரர் வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். கக்கத்தில் காகிதம், கையில் மைப்பெட்டி. அப்போதே தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டான். மூத்த அண்ணி என்று ஆரத்தி எடுக்க வேண்டியவள் நான். வேறு யோசனை இல்லாமல் எழுந்து ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தேன். என் முனை லேசானதும் பலகை எகிறியது, பெல்ட் நழுவியது, இன்ஜின் நின்றது, மொத்தத் தெருவும் இருண்டு போனது. மேளம் பாதியில் நின்றது.

இருட்டில் காரியக்காரர் குரல் மட்டும் கேட்டது. “என்னப்பா, வைக்கிறியா?”

என் வீட்டுக்காரர் அவர் பக்கம் போவது ஆரத்திக் கற்பூர வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது.

“என்னாச்சு இங்க?” என்று சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

கொழுந்தனார் பெல்ட்டை மாட்டியபடியே சொன்னார்: “ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா. பலகையில வெயிட்டு பத்தல.”

“வெயிட்டா?” என்றார் அவர். பட்டுப் புடவையை ஒரு சுருட்டுச் சுருட்டி முழங்காலுக்கிடையில் செருகினார். “நவுரு” என்று அங்கிருந்த ஆளை அதட்டிவிட்டு, என் முனையில் பொத்தென்று உட்கார்ந்தார். பலகை அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டது. கயிறு இழுபட்டது. முன்பைவிட அதிக வெளிச்சம். நடுவில் ஒரு பல்பு அதைத் தாங்காமல் பட்டென்று போனதுகூட யாருக்கும் குறையாகப் படவில்லை. தன் மகனுக்கு நான் ஆரத்தி சுற்றுவதை அந்தம்மா நடுங்கிக்கொண்டே பார்த்தார். அந்த முகத்தில் முதல் முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். சிரித்தாரா, பலகை சிரிக்க வைத்ததா, தெரியாது.

பிறகு காரியக்காரரைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏ..ன்ய்..யா சு..ம்மா நிக்..கிறீ..ங்க? அந்..தப் பக்..கம் எங்..க சம்..பந்தி லே..சா இருக்..காங்க. நீங்..களும் வந்..து உக்..காருங்க!”

தெருவே சிரித்தது. கொட்டுக்காரர் சிரிப்பில் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். காரியக்காரர் மைப்பெட்டியை மூடி, காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். என் வீட்டுக்காரர் நீட்டியிருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதாலேயே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வந்தார். கட்டை விரலில் மை இல்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பட்டா மனையில் தாலி ஏறியது. மனு அப்படியே நின்றது. சில அறுப்புகள் கழித்து அதிகாரிகள் வந்து அளந்து, அதே வரப்பில் குழி தோண்டிக் கம்பம் ஊன்றினார்கள். இன்று என் வீட்டில் கரண்டு போனால் இன்வெர்ட்டர் தானே எரிகிறது. போனது யாருக்கும் தெரிவதில்லை. யாரும் எழுந்திருக்க வேண்டாம், உட்கார வேண்டாம். வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

கொழுந்தனார் இப்போது தஞ்சாவூரில் பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தவர், அந்த ஜெனரேட்டரைத் தான் ஒற்றை ஆளாகச் செய்ததாகக் கதை சொன்னார். அவர் கதையில் பரம்பும் இல்லை, சம்பந்தியம்மாவும் இல்லை. நான் சண்டை போடவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தா கண்ணு, முதலிலிருந்து படித்துக் காட்டு. நிதானமாகப் படி. அந்த “நவுரு” வருகிற இடத்தில் மட்டும் உன் குரலை நன்றாக உயர்த்து.