வெளியில் ஐந்து, உள்ளே நான்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வீடு பார்க்கப் புறப்பட்டோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. நகரின் வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். எனக்கென்று அறை கிடையாது. ஹோலில் இருந்த சோபாவை விரித்துச் சித்தியும் நானும் படுப்போம். ஆகவே, "இல்-பிசார் தீவில ஒரு பழைய வீடு விலைக்கு வருதாம் அத்தான், சும்மா போய்ப் பாத்திட்டு வருவம்" என்று சித்தி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சில விஷயங்கள் எனக்கு விளங்கவில்லைதான். தூசி இருக்கும் என்று எனக்குப் பழைய சட்டையைப் போட்டுவிட்ட சித்தி, தான் மட்டும் திரும்பத் திரும்ப உடுப்பு மாற்றினார். அம்மா ஊருக்கே காணும் அளவுக்கு ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டார். கார் ஓட்டும்போது அப்பா, "இந்தியாக்காரர் எண்டால் கொஞ்சம் யோசிக்கத்தானே வேணும்" என்றார். வீட்டுச் சொந்தக்காரர் இந்தியர் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து, மேப்பிள் மரங்களுக்குள் திரும்பியதும் வீடு தெரிந்தது. உண்மையில் சிறிய வீடுதான், எனக்கு அது மாளிகை. சாம்பல் நிறக் கல்லில் கட்டி, மெல்லிய கருங்கற் பலகைகளால் கூரை வேய்ந்திருந்தார்கள். பாதிப் பலகைகள் சரிந்து புல்லுக்குள் கிடந்தன. புல் கீழ்மாடி யன்னல்வரை வளர்ந்திருந்தது.

வாசலில் ஒருவர் சாவியோடு நின்றார். சித்தி கட்டிட வரைபடம் கீறும் கந்தோரில் அவர் இஞ்சினியர், மதுரைப் பக்கத்தவர். அப்பாவுக்குக் கைகூப்பினார். அப்பா தலையை மட்டும் அசைத்தார். முன்னொரு காலத்தில் வேல்ஸிலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் வீடுகளைப் போலவே இதைக் கட்டினாராம். நட்டநடுவில் கதவு, அதன்மேல் அரைவட்டக் கண்ணாடி, இரு பக்கமும் அளந்துவைத்தாற்போல யன்னல்கள், இரண்டு முனையிலும் புகைபோக்கி. அவர் சொல்லச் சொல்ல நான் வாய்பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே சுவர்ச்சாந்து உதிர்ந்து, கீழிருந்த மரச்சலாகைகள் விலா எலும்புபோலத் தெரிந்தன. சுவர்கள் அவ்வளவு தடிப்பு. யன்னல் குழிக்குள் நான் காலை நீட்டி உட்காரலாம். ஒவ்வொரு யன்னலிலும் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று மேல்மாடிக்கு ஓடினேன். அப்போதுதான் கணக்கு இடித்தது. வெளியே நின்று அன், து, த்ருவா என்று பிரெஞ்சில் எண்ணியபோது மாடியில் ஐந்து யன்னல். உள்ளே நான்குதான்.

யன்னலால் தலையை நீட்டி, புல்லுக்குள் நின்ற அப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் எண்ணினார். பிறகு இடக்கையை நீட்டி, கடைசி யன்னலுக்கு வரச் சொன்னார். ஓடினேன். அவருடைய இடக்கை எனக்கு வலக்கை என்று பிடிபடவே சற்று நேரமாயிற்று. திரும்பி மற்ற முனைக்கு ஓடினால், அங்கே வெறும் சுவர்.

யாரோ கதவை மூடிப் பூசிவிட்ட இரகசிய அறை! அது எனக்குத்தான் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். மூச்சு வாங்க வந்து சொன்னதும் அந்த இஞ்சினியர் சிரிக்கவில்லை.

"மேடம் சொல்றதுல விஷயம் இருக்கு. அளந்து பாத்துடலாம்" என்றார், என்னைக் காட்டி.

நாடாவின் ஒரு முனையைத் தான் பிடித்து மற்ற முனையைச் சித்தியிடம் கொடுத்தார். உள்ளே அளந்தார்கள், வெளியே அளந்தார்கள், சந்தேகம் வந்து மறுபடியும் உள்ளே அளந்தார்கள். என்னைப் படுக்கப்போடும் நீளம் சுவருக்குள் காணாமல் போயிருந்தது. அதைக் கேட்டதும் அப்பாவாலும் பொறுக்க முடியவில்லை. படிகளில் பாய்ந்து ஏறி வந்து சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அம்மாவும் தட்டினார். பிறகு அப்பாவும் இஞ்சினியரும் கீழே இறங்கி, டோர்ச்சோடு, அந்தச் சுவருக்கு நேர்கீழே இருந்த சமையலறைப் புகைபோக்கிக்குள் தலையை விட்டார்கள்.

அடுப்பு வாய் இரண்டு பேர் குனிந்து நிற்கும் அளவு பெரியது. வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் அவர்கள் வரவில்லை. அப்பா ஏதோ கேட்க, அவர் பதில் சொல்வது கேட்டது. ஊரில் தாய் தகப்பன் யாரோடு இருக்கிறார்கள், எத்தனை சகோதரம், இங்கேயே தங்குகிற யோசனையா? புகைபோக்கிக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. படியில் நின்ற சித்தியின் கையைப் பிடித்தேன். கை சில்லிட்டு வியர்த்திருந்தது. என்னைப்போலவே சித்திக்கும் அந்த அறைமேல் அவ்வளவு ஆசை என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று உள்ளே ஏதோ பொலபொலவென்று கொட்டியது. இருவரும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்பாவின் தலையில் ஒரு முழுக் குருவிக்கூடு இருந்தது. இருவர் முகமும் கரி. ஒருவரையொருவர் பார்த்தார்கள்; அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கைலேஞ்சியை எடுத்து முதலில் அவரிடம் நீட்டினார். அம்மா உடனே ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

"அங்க ரூம் இல்ல மேடம்" என்றார் அவர் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "புகைக்கூண்டுதான் மேல போகுது. முன்பக்கம் பார்வையா இருக்கணும்னு வெளிய மட்டும் ஒரு ஜன்னல் வச்சிருக்காங்க. கண்ணாடிக்குப் பின்னால கறுப்படிச்ச கல்லு."

நான் மேலே ஓடி அந்தச் சுவரை இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். ஒரு கட்டிட இஞ்சினியர் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் தேவைப்பட்டிருக்காது என்று இன்று தோன்றுகிறது. அன்று, பாவம், அவரும் ஏமாந்துபோனார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும் வழியில் பாலத்தைக் கடந்தோம். பிறகு அப்பா, "வீடு சரிவராது. கூரை முழுக்க மாத்த வேணும்" என்றார். எனக்கு அழுகை வெடித்தது. அப்பா கண்ணாடியில் பின்னால் இருந்த சித்தியைப் பார்த்து, "மற்றது எனக்குச் சம்மதம்" என்றார்.

சித்தியும் அழத் தொடங்கினார். நான் என் அழுகையை நிறுத்திவிட்டு அவர் கண்ணைத் துடைத்தேன். அப்பா வேறொரு வீட்டைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மற்றதற்கும் மாடி இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அங்கே எனக்குக் கிடைக்கும் அறையில் பாதி சித்திக்குத்தான், நாங்கள் எப்போதும் ஒன்றாகவே படுக்கலாம் என்று, வீடு வந்துசேரும்வரை சித்திக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.