கண்ணாடிக் கோலால் தொட்ட இடம்

முதலில் அதைப் பார்த்தவர் என் மாமியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசிக் காலை. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவை ஒட்டிய வாடகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மகளோடு சில வாரம் இருக்கலாம் என்று திருப்பாச்சூரிலிருந்து வந்திருந்த முனியம்மாள், கஸ்தூரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு நின்றது.

“இன்னாடி இது பின்மண்டையில? குங்குமச் சிமிழு மூடியாட்டம் வழவழன்னு கீது.”

“எனக்கு இன்னாம்மா தெரியும்? பின்னாடி கண்ணா கீது எனக்கு?” என்று சிரித்தாள் கஸ்தூரி, என் மனைவி.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வட்டமாக ஓர் இடத்தில் ஒரு முடிகூட இல்லை. புண் இல்லை, சிவப்பு இல்லை, வலியும் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே வட்டத்தை உங்கள் தலையிலோ வீட்டார் தலையிலோ கண்டு பயந்துபோயிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது.

அதன் பெயர் புழுவெட்டு (தலையிலோ தாடியிலோ வட்ட வட்டமாக முடி உதிர்வது, பெயரில்தான் புழு, உண்மையில் பூச்சி எதுவும் அரிப்பதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைப் பகையென்று நினைத்துத் தாக்குவதால் வருவது). அன்று எனக்கு இது தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. நான் வேதியியல் பட்டதாரி. அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இரும்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை.

கஸ்தூரியின் கூந்தல் முழங்காலைத் தொடும். அவளை மணக்கச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பற்றி நண்பர்களிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். தை மாதம் என் தங்கைக்குத் திருமணம். சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணியாக அவள் சீர்த்தட்டு ஏந்தி வர வேண்டும். ‘பொண்ணோட அண்ணிக்கு ஏதோ நோய்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்பதுதான் என் கவலை. அவளுக்கு என்ன செய்கிறது என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

மாமியாருக்கு அவசரமே இல்லை. “அமாவாசைக்குத் திருவள்ளூர் போயி, கோயில் கொளத்துல வெல்லம் கரைச்சிட்டு வரேன் மாப்ள. வெல்லம் கரையறாப்ல இதுவும் கரைஞ்சிடும். அது வரைக்கும் தலையில ஒண்ணும் தடவாதீங்க. என் நாத்தனாருக்கு வந்துது, தானா போச்சு.”

“வெல்லம் கரைஞ்சா தண்ணிதான் இனிக்கும் அத்தே. முடி முளைக்காது.”

“இனிச்சா மீனு துன்னுட்டுப் போவுது. உங்களுக்கு இன்னா நஷ்டம்?”

கார்த்திகை பிறந்ததும் காதுக்கு மேலே இரண்டாவது வட்டம் வந்தது. நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேராங்கொட்டையைச் சொன்னார் (சலவைக்காரர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்தும் கறுப்புக் கொட்டை, அதன் பால் தோலில் பட்டால் வெந்துவிடும்). “துளியூண்டு, எண்ணெயில கலந்து. வெறும் பாலைத் தொடாதீங்க சார், பேஜாரா பூடும்” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

செறிவு கூடினால் வினை விரைவாகும் என்பது நான் படித்த பாடம். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் விடியற்காலை ரயிலில் திருவள்ளூர் போய்விட்டார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடிக் கோலால் எதிலும் கலக்காத பாலைத் தொட்டு, பின்மண்டை வட்டத்தில் தடவினேன். காதுக்கு மேலே இருந்ததை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

“எரியுதுங்க.”

“எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

மறுநாள் மாலை மாமியார் திரும்பி வந்தபோது கஸ்தூரியின் முகம் வீங்கி இரு கண்களும் மூடியிருந்தன. பின்மண்டை முழுதும் கொப்புளம். முனியம்மாள் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். மகளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பாசஞ்சர் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோனோம். மருத்துவமனை நடையில் நீண்ட நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். “இதைப் போட்டது யார்?” என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கிராமத்து வைத்தியம், அவளுடைய தாயார் போட்டது, நான் வேலைக்குப் போயிருந்தேன் என்றேன். மாமியாருக்குப் புரியக் கூடாது என்றே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆனால் மருத்துவர் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“ஏம்மா, பெத்த பொண்ணு தலையில நெருப்பை வெச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?”

முனியம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்த்து, “தப்புதாம்மா. தெரியாம பண்ணிட்டேன்” என்றார்.

கஸ்தூரி கண் திறக்க முடியாமல் படுத்திருந்தாள். காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று அந்த மருத்துவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். புழுவெட்டில் முடியின் வேர் தூங்குகிறதே தவிர சாவதில்லை; சிறு வட்டங்கள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே நிரம்பிவிடும். ஆனால் தோல் வெந்து தழும்பானால் அங்கே வேரே இருக்காது. “அந்த இடத்துல இனிமே முடி வராது” என்றார்.

மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். தையில் திருமணம் நடந்தது. கஸ்தூரி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் என் அம்மா, “அவ ஆத்தா வெச்ச மருந்து” என்றாள். நெருப்பு வைத்த கை பந்தலுக்குள் வரக் கூடாது என்று முனியம்மாளுக்குப் பத்திரிகையும் அனுப்பவில்லை. இதெல்லாம் என் காதில் விழுந்தது. நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மாசியில், நான் தொடாமல் விட்ட அந்தக் காதோர வட்டத்தில் பூனைமயிர் போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நரைத்துவிட்டது என்று கஸ்தூரி அழுதாள். அது நரையில்லை, தூங்கி எழுந்த வேர் முதலில் நிறமில்லாமல்தான் முளைக்கும். ஆடிக்குள் கறுத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியைச் சோதிக்கும்போது இன்னொன்றைத் தொடாமல் ஒப்பிட வைத்திருப்போம். என் மனைவியின் தலையில் நான் அறியாமல் செய்த ஒப்பீடு அது.

அதற்குப் பிறகுதான் முடியைப் பற்றிப் படித்தேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, அதே வேரிலிருந்து மீண்டும் வரும். காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பதற வேண்டாம். உடம்பு தேறினால் பெரும்பாலும் திரும்ப வரும். எண்ணெய் முடியை வளர்ப்பதில்லை, வறண்டு உடையாமல் காக்கும். இழுத்துப் பின்னாதீர்கள். ஈரத்தலையில் சீப்பைப் போடாதீர்கள். கீரையும் மீனும் முட்டையும் பருப்பும் வயிற்றுக்குள் போகட்டும். சோகை (இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு) இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வட்டம் பெருகினால் தோல் மருத்துவரிடம் போங்கள். எரிகிற எதையும் தலையில் தடவாதீர்கள்.

முனியம்மாள் அதன் பிறகும் வந்தார். முருங்கைக்கீரை கொண்டுவருவார், சமைப்பார். மகளின் தலையை மட்டும் தொடுவதில்லை. “நீயே வாரிக்கோடி, எனக்குக் கண்ணு தெரியல” என்பார். சொன்ன கையோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

“எங்கம்மாகிட்ட உங்க வாயால சொல்லிடுங்க” என்று ஒரு நாள் கஸ்தூரி கேட்டாள். காதோர வட்டத்தில் முளைத்த முடி தோளைத் தொடட்டும், சொல்கிறேன் என்றேன். தொட்டது. அந்த அமாவாசைக்கு மாமியாரோடு நானும் திருவள்ளூர் போனேன். குளத்துப் படியில் உட்கார்ந்து அவர் வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அத்தே, அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் உங்க மேல பழியைப் போட்டேன்.”

“எனக்கு இங்கிலீசு தெரியாது மாப்ள. மதருன்னா இன்னான்னு கூடவா தெரியாது?” வெல்லத்தைத் தண்ணீரில் விட்டார். “எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எனக்குத் தெரிஞ்சதுதானே. உங்க ஊட்ல சொல்லுங்க. அவங்கதானே இன்னும் என்னைப் பேசிக்கினு கீறாங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. என் அம்மா அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள். சில ஆண்டுகளில் முனியம்மாளும் போய்விட்டார்.

இப்போது கஸ்தூரிக்குத் தோள்பட்டை இறுகிவிட்டது. கையை மேலே தூக்க முடியாது. ஓராண்டாக நான்தான் அவளுக்குத் தலை வாருகிறேன். பின்மண்டையில் சீப்பு வந்ததும் கை தானாக மெதுவாகிவிடுகிறது. சுற்றிலும் எல்லாம் நரைத்து மெலிந்துவிட்டது. அந்தத் தழும்பு மட்டும் அன்று இருந்ததைப் போலவே வழவழவென்று இருக்கிறது. எங்கள் இருவர் உடம்பிலும் வயதாகாத இடம் அது ஒன்றுதான்.

போன வாரம் என் தங்கை வந்திருந்தாள். கஸ்தூரிக்குத் தலை பின்னிக்கொண்டே, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

“கல்யாணத்துக்கு அப்புறம் அந்தம்மா ஒரு நாளு என்னைப் பார்க்க வந்தாங்கண்ணா” என்றாள் அவள். “ரெண்டு முழம் மல்லி வாங்கிக்கினு வந்தாங்க. அந்தக் கையால வந்த பூன்னு நான் வெச்சுக்கல. கொல்லையில போட்டுட்டேன்.”

கஸ்தூரி திரும்பவில்லை. தனக்காக மடியில் வைத்திருந்த மல்லிச் சரத்தைப் பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியைத் தோளோரமாக என் தங்கையின் பக்கம் நீட்டினாள். அந்தக் கை அவ்வளவுதான் எழும்பியது.

“இந்தா. இப்ப வெச்சுக்கோ.”