சிவத்தானுக்குப் போட்ட ஊசி

பூனைகளுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் நடக்கிறது என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்தும் இருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கிளினிக்குக்கு நானே நேரில் போய்வந்தவள்.

அப்போது நாங்கள் அக்கராயனில் இருந்தோம். அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்ததால் பள்ளிக்கூடம் விட்டால் நான் மாமி வீட்டில்தான் நிற்பேன். மாமி, அப்பாவின் அக்கா. மாமிக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. வயல் இருந்தது, சிவத்தான் இருந்தது. சிவத்தான் அவர்களுடைய கடுவன் பூனை. நல்ல சிவப்பு, பெரிய தலை, அதைவிடப் பெரிய எண்ணம். மீன் சேராத சோற்றை வைத்தால் மணந்து பார்த்துவிட்டு, சமைத்தவரையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விடும். மாமா வயலால் வந்து கதிரையில் இருந்தால் உடனே மடிக்கு ஏறிவிடும். மாமா மாமியோடு கதைத்ததைவிட அதனோடு கதைத்ததுதான் கூட.

அந்த வருடம் வெயில் காலத்தில் சிவத்தான் கிணற்றடி வாளியை விட்டு நகராமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. தின்னத் தின்ன மெலிந்தது. பின்னங்கால்களைத் தூக்கி வைக்க மாட்டாமல் குதியை நிலத்தில் தேய்த்து நடந்தது. ஏதோ விஷக்கடி என்று மாமி நினைத்தார். மாமாதான் ஒருநாள் தேசிமரத்தடியில் குந்தியிருந்து மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவத்தான் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது.

"இஞ்சேர், இங்க வா. இதுக்கும் என்ர வருத்தம்தான்" என்று மாமியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாமாவுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அவர் போன இடத்துக்கும் எறும்பு வரும். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் சோதனை, ஆஸ்பத்திரிச் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிவத்தானை உரப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, மாட்டு டொக்டரிடம் கொண்டுபோனோம். பூனைக்குச் சீனி வருத்தமாம் என்றதும் அவர் சிரித்தார். பிறகு காதில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து மெஷினில் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"இன்சுலின் போட்டால் தப்பும். போடாட்டிக் கனநாள் இராது. மனிசருக்குப் போடுறதுதான், மருந்துக் கடையில வாங்கலாம். ஊசியில ஒரேயொரு கோடு மட்டும். காலமையும் பின்னேரமும் சாப்பாட்டை வச்சிட்டுப் போடுங்கோ."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் முகம் கறுத்துவிட்டது. அவருடைய தமையனுக்கும் இதே வருத்தம். குளிசை விழுங்கிக்கொண்டு இருந்தவரை வயல் உழுத மனிதர், ஊசி தொடங்கிய வருடமே கால் எடுத்து, அதோடு ஆளும் போய்விட்டார். காலைக் கொண்டுபோனது முற்றிய வருத்தம் என்று யார் சொன்னாலும் மாமா ஏற்கமாட்டார். "ஊசி தொடங்கினால் ஆள் முடிஞ்சுது" என்பதுதான் அவர் கண்ட உண்மை. கிளினிக்கில் அவருக்கும் ஊசி தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் அடுத்தமுறை பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரம்பில் முள்ளுக் குத்திய இடம் வலது காலில் மாறாத புண்ணாகி, துணிக்கட்டோடுதான் நடந்தார். மாமி அழுதும் பார்த்தார், சண்டை பிடித்தும் பார்த்தார். மனிதர் அசையவில்லை.

ஆனால் சிவத்தானுக்கு மருந்து தான் எடுத்துவருவதாக மாமா சொன்னார். சொன்னபடி அடுத்த கிழமையே டவுணுக்குப் போய் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தார். மருந்துக் கடையில் வாங்கியதாகச் சொன்னார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாததால், குசினி மூலையில் ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் அதை வைத்தார்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. மழையை நானே பெய்விப்பதாக நினைத்துக்கொண்டு தெளிப்பேன்.

மீன் சோற்றை வைத்தால் சிவத்தான் உடனே தின்றுவிடும். பிறகு மாமி அதன் பிடரித் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை ஏற்றுவார். ஒரு நொடி வேலை. சிவத்தான் திரும்பியும் பார்க்காது. மடியில் வைத்துப் பிடித்திருக்கும் மாமாதான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லையடா" என்பார். யாருக்குச் சொல்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

ஆவணி மாத லீவில் மாமா கிளினிக்குக்குப் போனபோது நானும் அடம்பிடித்துப் போனேன். மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் மிஸ்ஸி அவருடைய விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, ஊசி ஒழுங்காப் போடுறீங்களோ?"

"ஓம் மிஸ்ஸி. காலமையும் பின்னேரமும். ஒருநாளும் தவறுறேல்லை."

"ஆர் போட்டுவிடுறது?"

"மனிசிதான்."

"சாப்பிட்ட பிறகுதானே?"

"ஓம் ஓம், மீனும் சோறும் திண்ட பிறகுதான்."

"அப்ப ஏன் ஐயா சீனி இறங்கேல்லை? கால் புண்ணும் அப்பிடியே கிடக்கு. இப்பிடிப் போனால் காலை எடுக்கவேண்டி வரும்."

மாமா நிலத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லலாமா? "இல்லை மிஸ்ஸி, இப்ப நல்ல சுகம். முருங்கையில எல்லாம் ஏறுது" என்றேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "பிள்ளை ஏதோ விசர்க்கதை கதைக்குது" என்று மாமா அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். போகும்போது போத்தலை வாங்கிக்கொள்ள மறக்கவில்லை. கூல்பாரில் ஐஸ் துண்டு வாங்கிப் போத்தலோடு பிளாஸ்க்கில் போட்டார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பள்ளிக்கூட அறிக்கையில் எனக்குப் பதிலாக அம்மா கையெழுத்து வைப்பதைப்போலத்தான், பூனைக்குப் பதிலாக மாமா விரலை நீட்டுகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. ஆகவே வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மாரி தொடங்கிக் கந்தசஷ்டி வந்தது. மாமி அந்த வருடம் மாமாவின் கால் மாறவேண்டும் என்று நேர்ந்து விரதம் பிடித்தார். பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லை, பின்னேரம் பாலும் பழமும். வீடு கழுவி, மீன்சட்டிகளைக் கட்டிக் கொட்டிலில் தூக்கியாயிற்று. விரதம் முடியும்வரை வளவுக்குள் மீன் மச்சம் வராது. சிவத்தானுக்கும் பருப்புச் சோறும் தயிரும்தான். முதலில் தயிரை நக்கியது. பிறகு அதையும் விட்டது. "பசிச்சாத் தின்னும்" என்று மாமி சொன்னார். டொக்டர் சொன்னபடி சாப்பாட்டை வைத்தார், சொன்னபடி ஊசியும் போட்டார். சாப்பாட்டை வைப்பது வேறு, அது தின்பது வேறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விரதத்தின் நடுவில் ஒரு காலை. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் சிவத்தான் முற்றத்தில் குடித்த வெறிகாரனைப்போலத் தள்ளாடியது. பிறகு பக்கவாட்டில் விழுந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயால் நுரை வந்தது.

மாமா ஓடிவந்தார். புண் காலையும் பொருட்படுத்தாமல் ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். "போச்சு! எனக்குத் தெரியும்! ஊசிதான், ஊசிதான் கொண்டுபோகுது!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயத்தில் நானும் அழுதேன்.

மாமி அழவில்லை. கழுவாமல் கிடந்த சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். காலையில் வைத்த பருப்புச் சோறு அப்படியே இருந்தது.

"ஐயோ, வெறுவயித்தில எல்லே போட்டிருக்கிறன்!"

குசினிக்குள் ஓடிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தார். தலை சுற்றினால் சீனி வாயில் போடச் சொல்லி மாமாவின் கிளினிக்கில் சொல்லிவிட்டது அவருக்கு நினைவிருந்தது. விரலால் தொட்டுத் தொட்டுச் சிவத்தானின் பல் முரசில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "பிள்ளை, குளத்தடிக்கு ஓடிப்போய் மீன் வாங்கிக்கொண்டு வா" என்றார்.

"மாமி, கந்தசஷ்டி..."

"முருகனுக்கு நான் சொல்லுறன். நீ ஓடு!"

குளத்தடியில் வலை உதறிக்கொண்டிருந்தவர், "என்ன, சஷ்டிக்குள்ள உன்ர மாமியின்ர வீட்டில மீனோ?" என்று கேட்டார். பூனைக்கு என்றேன். "பூனையாவது தின்னட்டும்" என்று சிரித்துக்கொண்டு தந்தார். நான் திரும்பி வந்தபோது சிவத்தானின் இழுப்பு நின்றிருந்தது. தலையைத் தூக்கி, மீனின் மணத்துக்கு மூக்கை அசைத்தது. விரதக்காரி மாமி முற்றத்தில் மூன்று கல் வைத்து, தன் கையாலேயே மீனை வெட்டி அவித்தார். சூடு ஆறமுதலே சிவத்தான் தின்னத் தொடங்கியது. மாமி டொக்டருக்குப் போன் எடுத்தார். இன்றைக்கு இனி ஊசி வேண்டாம், நன்றாகத் தின்றால் மட்டும் நாளைக்குப் போடலாம் என்று அவர் சொன்னார்.

மாமா அதைக் கேட்டதும் எழும்பிக் குசினிக்குள் போனார். முட்டிக்குள் இருந்த போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "இனி இந்தச் சனியன் இந்த வீட்டில ஒருத்தருக்கும் வேண்டாம்" என்று எறியக் கையை ஓங்கினார்.

"எறியாதேங்கோ மாமா!" என்று நான் கத்தினேன். "பிறகு கிளினிக்கில கேட்டாத் தரமாட்டினம். உங்கட விரலைத் திரும்பவும் குத்துவினம்!"

மாமி கைகழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னனீ?"

நான் சொன்னேன். மாமாவின் பெயரைக் கூப்பிட்டது, விரலில் குத்தியது, ஊசி யார் போடுகிறது என்று மிஸ்ஸி கேட்டது, மாமா மறுமொழி சொன்னது, காலை எடுக்கவேண்டி வரும் என்றது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ஐஸ்கிரீமை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமி மெதுவாக நடந்துவந்து மாமாவின் கையிலிருந்து போத்தலை வாங்கினார்.

"உங்களுக்குத் தந்த மருந்தே இது? இவ்வளவு நாளும்?"

மாமா கதிரையில் இருந்தார். "எனக்குப் பயமப்பா" என்றார். "ஊசி போடாட்டி இது சாகும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே. முதல்ல இதுக்குப் போட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன். தப்பினால் நானும் போடுவம் எண்டு. இப்ப பார், எப்பிடித் துடிச்சது எண்டு."

"அது ஊசியால துடிக்கேல்லை. நான் பட்டினி போட்டதால துடிச்சது" என்றார் மாமி. பிறகுதான் குரல் உடைந்தது. "இவ்வளவு நாளும் ஆருக்காக நான் பட்டினி கிடக்கிறன் எண்டு நினைச்சீங்கள்?"



மறுநாள் காலை சிவத்தானுக்கு மறுபடி மீன் அவிந்தது. அது தின்று கோப்பையையும் நக்கிய பிறகு, மாமி ஊசியில் ஒரு கோடு எடுத்துப் போட்டார். மாமா கண்ணை மூடவில்லை. அன்று அவர் வயலுக்கும் போகவில்லை. சிவத்தான் தேசிமரத்தடிக்குப் போனால் நொண்டிக்கொண்டு பின்னால் போனார், மதில் ஏறினால் கீழே நின்றார், படுத்தால் பக்கத்தில் குந்தி வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். மாமா பூனையோடு விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பின்னால் திரிந்தேன். தன்னுடைய உயிருக்கு அவர் அன்று விடை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் அந்தப் புண்ணால் அவருக்கு இரண்டு கால்விரல்கள் போயின. கால் போகவில்லை.

பொழுதுபட முன் மாமா சாப்பிட்டார். கோப்பையைக் காட்டி, "முழுக்கத் திண்டிட்டன், பார்" என்றார். பிறகு கதிரையில் இருந்து சேர்ட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கிளினிக்கில் சொன்ன அளவை மாமி ஊசியில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். கை நடுங்கியது. ஊசியை மற்றக் கைக்கு மாற்றி, உள்ளங்கையைச் சேலையில் துடைத்து, திரும்ப வாங்கிப் பார்த்தார். அப்போதும் நடுங்கியது.

"பூனைக்குப் போடேக்க உனக்குக் கை நடுங்கினதே இல்லையே" என்றார் மாமா, ஓரக்கண்ணால் அவருடைய கையைப் பார்த்துவிட்டு.

"அது பூனைதானே" என்றார் மாமி.

 விரதத்தையும் முறித்து, தன் கையால் மீன் வெட்டிக் கொடுத்துக் காப்பாற்றிய சிவத்தானை, அது கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதே, வெறும் பூனை என்று சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. சிவத்தானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை மாமியோடு நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.