மாஸ்டரின் இரண்டாவது வால்வு

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி வளைவில் திரும்பியதும், படுத்திருக்கும் மாஸ்டரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்துகிறது. "ஹாரன் அடிக்காம திரும்புறியே, எதிர்ல இன்னொரு நோயாளி வந்தா?" என்று வண்டி தள்ளும் ஊழியரை அதட்டுகிறார். முப்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

ஒல்லியான ஆள். மீசையை மட்டும் தாராளமாக வளர்த்திருக்கிறார். பதினாலு வருஷத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து, இதயத்தில் பன்றித் திசுவால் செய்த வால்வைப் பொருத்தினார்கள். அது இப்போது இறுகிப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அதை மாற்றத்தான் இப்போது வந்து சேர்ந்திருக்கிறார். மாஸ்டருக்கு அதன்மேல் கோபமில்லை.

"பாவம் பன்னி, பதினாலு வருஷம் ஒரு நாள் லீவு எடுக்கல. என் மச்சினன் எந்த வேலையிலயாவது ஆறு மாசம் தாண்டியிருக்கானா?"

"வால்வுதான் பழசாச்சு, வாய் புத்தம் புதுசு" என்கிறார் மச்சினனின் அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி.

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா அவரிடமே கார் கற்றவர். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டவர். இந்தச் செய்தியை வார்டு முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் மாஸ்டர் மறுவேலை பார்த்தார்.

"ரெண்டு தடவை ஃபெயிலான கையிலயா என் நெஞ்சைக் குடுக்கிறது?"

"ஃபெயிலானது ரிவர்ஸ்ல, மாஸ்டர். இங்க ரிவர்ஸே கிடையாது." டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இது முதல் தடவை மாதிரி இல்ல. பழைய காயம் ஆறினதுல, இதயம் நெஞ்செலும்போட ஒட்டிக்கிட்டிருக்கு. எலும்பை அறுக்கும்போது இம்மி பிசகினாலும் ரத்தம் பீறிடும். அதனால இதயத்துக்குப் பதிலா ரத்தத்தை ஓட்டுற மெஷினைத் தொடை வழியா மாட்டி வச்சிட்டுத்தான் நெஞ்சைத் தொடுவேன்."

மாஸ்டர் மீசையை நீவினார். "உனக்குப் பயமா இருக்காம்மா?"

"இருக்கு."

"அப்ப சரி. பயமே இல்லாதவன்கிட்ட நான் ஸ்டியரிங்கையே குடுத்ததில்ல" என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று காலை மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் வரலேன்னா, உன் தம்பி கையில என் காரைக் குடுத்துடாத."

"நீங்களே வந்து குடுக்காம இருங்க" என்றவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது மணி நேரமானது. பயந்தபடியே ஓரிடத்தில் கிழிந்து ரத்தம் பீறிட்டது. தயாராக மாட்டியிருந்த மெஷின் கைகொடுக்க, கிழிசலைத் தைத்து, உலோக வால்வைப் பொருத்தினார்கள்.

மூன்றாம் நாள், குழாய்களை எடுத்த பிறகு, டாக்டரம்மா வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மாஸ்டருக்குக் குரல் கரகரவென்று வந்தது.

"டிக் டிக்னு கேக்குதே. உள்ள இண்டிகேட்டரை அணைக்காம மூடிட்டியாம்மா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கண்கள் சிவந்திருந்தன, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அரை அடி நகர்ந்து, அவர் உட்காரக் கட்டிலில் காலியான இடத்தைத் தட்டிக் காட்டினார்.