ரயிலோடு ஒரு படம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். திருச்சுழிக்கு மேற்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது, தண்டவாளத்தைப் பார்த்து நின்ற கேட் கீப்பர் அம்மாள். இறுக்கிப் பின்னிய தலை, நீலச் சேலையின்மேல் ஒளிரும் ஆரஞ்சு மேல்சட்டை. ரயில் கடந்து வளைவில் மறையும்வரை பச்சைக் கொடியை அவர் இறக்குவதில்லை.

பாசஞ்சர் ரயில்களைப் படமெடுக்க இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

"ரயிலு என்ன கல்யாணப் பொண்ணா சார், வாராவாரம் படம் புடிக்கிறீக?" என்று எப்போதும் சிரிப்பவர், அன்று தயங்கிக் கேட்டார். "நான் நிக்கிற படம் ஒண்ணு இருக்கா? சுரங்கப்பாதை வந்துருச்சு, இன்னையோட இந்தக் கேட்ட மூடுறாக. வேலை பாக்குற மாதிரி எங்கிட்ட ஒரு படங்கூட இல்ல."

செல்போனில் தேடிக் காட்டினேன். ரயில் மட்டுமே தெரிய வேண்டும் என்று, ஒவ்வொரு படத்திலும் அவர் நின்ற ஓரத்தை நானே வெட்டியிருந்தேன்.

"கரண்டுக் கம்பத்துக்கெல்லாம் எடம் குடுத்திருக்கீக" என்றார்.

தூரத்தில் ஹாரன் கேட்டது. அவர் கொடியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். நான் கேட்டுக்கு வெளியே, அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு நிமிசம் இங்கிட்டுத் திரும்புங்கம்மா!"

"அது ஆகாது சார். சக்கரத்துல பொகை கிகை வருதான்னு பாக்கணும். நீங்க எடுங்க."

ரயில் கடந்து முடிவதற்குள் நாற்பது படங்கள் எடுத்தேன். ஒன்றிலும் அவர் முகம் இல்லை.